கரையோர உயிர்களும் குலைவும் ஒட்டுண்ணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறைக்கரை, சேற்றுப்பரப்பு, உவர்ச்சதுப்பு, அலையாத்திக் காடு என எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் சுற்றிச்சுற்றி வரும் சந்தேகங்கள் இரண்டு வகை. ஒன்று, புயலும் அலையும் செய்யும் வேலை பற்றியது. மற்றது, நத்தைக்குள்ளும் மீனுக்குள்ளும் குடியிருக்கும் புழுக்கள் பற்றியது. பலரும் இவற்றைத் தனித்தனிப் பாடமாகவே படித்திருப்பார்கள். கரையில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன என்பதால் இங்கே சேர்த்தே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டோம்.

1. இயற்கைக் குலைவுன்னா என்ன? புயல், சுனாமி மட்டும்தானா?

இல்லை. உயிர்களைக் கொன்றோ பெயர்த்தோ இடத்தைத் திறந்துவிடும் எந்த நிகழ்வும் குலைவுதான். அலை ஒரு கொத்து மட்டியைப் பிய்த்தெறிவது, மிதந்து வரும் மரக்கட்டை பாறையில் மோதி நசுக்குவது, கல் புரண்டு மேற்பக்கம் கீழாகிவிடுவது, மணல் ஏறி மூடுவது, கடும் வெயிலில் நீர் வற்றிப் பாசி கருகுவது, அலையாத்திக் காட்டில் மின்னல் விழுவது எல்லாம் இதில் அடங்கும்.

பெயரைவிட அளவு முக்கியம். எவ்வளவு பரப்பு போனது, எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது, எவ்வளவு கடுமை, எந்தப் பருவம் என்ற நான்கையும் தெரிந்துகொள்ளாமல் விளைவைப் பற்றிப் பேச முடியாது. கீழே வரும் பல பதில்கள் இந்த நான்கில் ஒன்றில்தான் வந்து நிற்கும்.

2. அலை எல்லாத்தையும் பிய்ச்சிட்டுப் போனா அது அழிவுதானே? அதுல யாருக்கு என்ன லாபம்?

பாறைக்கரையில் உணவைவிடத் தட்டுப்பாடான பொருள் இடம். பசிபிக் கரையின் கலிபோர்னியா மட்டியைத் தடுக்க ஆளில்லை என்றால், ஓத மட்டத்தின் நடுப்பகுதியை அதுவே முழுக்கப் பிடித்துக்கொள்ளும். வாஷிங்டன் மாநிலத்தின் மக்கா விரிகுடாவில் ராபர்ட் பெய்ன் 1963-ல் தொடங்கி, ஒரு சிறு பாறைப்பகுதியிலிருந்து நட்சத்திரமீன்களைத் தொடர்ந்து எடுத்து வீசினார். 15 ஆக இருந்த உயிர்வகைகள் 8 ஆகக் குறைந்தன. மட்டியைத் தின்னும் வாய் போனதும் மட்டி மற்றவர்களை நெருக்கித் தள்ளிவிட்டது.

நட்சத்திரமீன் செய்யும் அதே வேலையைக் குளிர்கால அலையும் செய்கிறது. பனைமரக் குட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் 'கடற்பனை' என்ற பழுப்புப் பாசியைப் பாருங்கள். அதற்கு ஓராண்டுதான் ஆயுள். நீர் வற்றியிருக்கும்போது அதன் வித்துகள் இலைவழியே சொட்டி, தாய்க்குச் சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். அங்கே வெறும் பாறை இருந்தால்தான் அடுத்த தலைமுறை நிலைக்கும். ஆண்டுதோறும் அலை மட்டியைப் பிய்க்காத இடத்தில் கடற்பனை நீடிப்பதில்லை. மட்டிக்கு நேரும் இழப்பில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது.

3. அப்படின்னா குலைவு கூடக்கூட உயிர்வகையும் கூடுமா?

கூடாது. இதை அழகாகக் காட்டியவர் வேய்ன் சௌசா. தெற்குக் கலிபோர்னியாவின் கற்கள் நிறைந்த கரை ஒன்றில், ஒவ்வொரு கல்லையும் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று இழுவைத் தராசால் அளந்து மூன்றாகப் பிரித்தார். 49 நியூட்டனுக்குள் நகரும் சிறுகற்கள் ஒரு மாதத்தில் புரள 42% வாய்ப்பு. 50 முதல் 294 நியூட்டன் வரை கேட்கும் நடுத்தரக் கற்களுக்கு 9%. அதற்கும் மேலான பெருங்கற்களுக்கு 0.1%. அடிக்கடி புரளும் கல்லில் முந்தி வரும் பச்சைப்பாசியும் கொட்டலசும் மட்டுமே இருந்தன. புரளாத கல்லை ஒரே ஒரு சிவப்புப்பாசி ஆண்டது. அதிக வகைகள் இருந்தது நடுத்தரக் கல்லில்.

கல்லின் பருமனே காரணமாக இருக்கலாமே என்ற சந்தேகம் இங்கே எழ வேண்டும். சௌசாவுக்கும் எழுந்தது. சிறுகற்களை அசையாதபடி பொருத்திவைத்துப் பார்த்தார். அவற்றிலும் பெருங்கல்லில் நடப்பதுபோலவே பாசிகளின் வரிசை முன்னேறியது. ஆக, காரணம் பருமன் இல்லை, புரளுவதுதான். 1979-ல் வெளியான இந்த ஆய்வை வாசிப்பவர்கள் எண்களோடு நின்றுவிடுகிறார்கள். இந்தச் சோதனையில்தான் அதன் உயிரே இருக்கிறது.

4. 'நடுத்தரக் குலைவுதான் சிறந்தது'ன்னு படிச்சோம். இப்ப அது தப்புங்கறாங்களே?

ஜோசப் கானல் 1978-ல் மழைக்காடுகளையும் பவளத்திட்டுகளையும் வைத்துச் சொன்ன கருத்து அது. பிறகு வெளிவந்த ஆய்வுகளை 2001-ல் திரட்டிப் பார்த்தபோது, நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் அந்த வடிவம் சிறுபான்மை இடங்களில்தான் தென்பட்டது. 2013-ல் இந்தக் கருத்தையே கைவிட வேண்டும் என்ற வாதமும் எழுந்தது.

எங்கள் கருத்து: எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இடத்தை முழுக்கப் பிடிக்கும் ஒரு வலியவர், வெற்றிடத்தை விரைந்து நிரப்பும் பல எளியவர்கள் என்ற அமைப்பு உள்ள பாறைக்கரையில் இது நன்றாகவே பொருந்துகிறது. அந்த அமைப்பு இல்லாத சேற்றுப்பரப்பில் இதைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

5. ஒரே பாறைல ஒரு வெற்றிடத்துல பாசி மண்டிக் கிடக்கு, பக்கத்து வெற்றிடம் மொட்டையா இருக்கு. ஏன்?

பெரும்பாலும் வெற்றிடத்தின் பரப்புதான் காரணம். மட்டிகளின் இடுக்கில் லிம்பெட் எனப்படும் கூம்புத்தொப்பி ஓட்டு நத்தைகள் ஒளிந்திருக்கும். அவை விளிம்பிலிருந்து வெளியே வந்து பாறையைச் சுரண்டி மேய்ந்துவிட்டு மீண்டும் இடுக்குக்குள் போய்விடும். ஆகவே விளிம்பு நீளத்துக்கும் பரப்புக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தில் 100 சதுர செ.மீ. பரப்புக்கு 40 செ.மீ. விளிம்பு. 1 மீட்டர் சதுரத்தில் 10,000 சதுர செ.மீ. பரப்புக்கு 400 செ.மீ. விளிம்பு. அதாவது சிறிய வெற்றிடத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் பத்து மடங்கு விளிம்பு, அந்த அளவுக்கு மேய்ச்சலும் அதிகம். மெல்லிய, சுவையான பாசிகள் அங்கே தலைதூக்க முடியாது. பெரிய வெற்றிடத்தின் நடுவில் அவை தப்பித்துவிடும்.

மூடப்படும் விதமும் வேறு. சிறிய வெற்றிடத்தைச் சுற்றியுள்ள மட்டிகளே சரிந்து உள்ளே நகர்ந்து அடைத்துவிடும். பெரியதற்கு நீரில் மிதந்து வரும் இளம் மட்டிகள் வந்து ஒட்டவேண்டும், அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். பருவமும் சேர்ந்துகொள்ளும். வெற்றிடம் திறக்கும் மாதத்தில் எந்தப் பாசி வித்துவிடுகிறதோ அதுதான் முதலில் அமரும்.

6. ஒட்டுண்ணி இதுல எங்க வருது? கண்ணுக்கே தெரியாத புழு ஒரு சமூகத்தையே மாத்துமா?

மாற்றும். கரையோரத்தில் முதன்மையானவை டிரெமட்டோடு தட்டைப்புழுக்கள். பறவையின் குடலில் வாழும் முதிர்புழு முட்டையிடும், எச்சத்தோடு முட்டை சேற்றில் விழும். நத்தைக்குள் போன புழு அதன் இனப்பெருக்க உறுப்பின் இடத்தைப் பிடித்து, தன்னையே படியெடுத்துப் பெருகும். நத்தை மலடாகும். அதிலிருந்து வாலுள்ள நீந்தும் இளம்புழுக்கள், அதாவது செர்க்கேரியாக்கள், நாள்தோறும் வெளியேறி மீனிலோ நண்டிலோ சிப்பியிலோ உறையிட்டுக் காத்திருக்கும். அதைப் பறவை தின்றால் சுற்று முடிந்தது. இது பொதுவான வடிவம், வகைக்கு வகை சிறிது மாறும்.

அளவு சிறிதென்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவிலும் பாஹா கலிபோர்னியாவிலும் மூன்று கழிமுகங்களில் எல்லா உயிர்களையும் எடைபோட்ட ஆய்வு 2008-ல் வெளியானது. ஒட்டுண்ணிகளின் மொத்த எடை உச்சநிலை வேட்டை உயிர்களின் எடையை மிஞ்சியது. ஓராண்டில் வெளியேறும் நீந்தும் இளம்புழுக்களின் எடை மட்டுமே அங்குள்ள பறவைகளின் எடையைவிட அதிகம்.

7. நத்தைதான் சாகலையே. மலடானா மட்டும் என்ன ஆயிடும்?

மலடான நத்தை நகர்கிறது, மேய்கிறது, இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆனால் அது தின்பதெல்லாம் புழுவாக மாறுகிறது. நலமான நத்தைக்கு உணவுப் போட்டி குறைவதில்லை, அடுத்த தலைமுறைக்கு முட்டை மட்டும் வருவதில்லை. சில இடங்களில் இப்படிப் புழுவின் வசமான நத்தைகளின் எடை, நலமான நத்தைகளின் எடையையே தாண்டியிருக்கிறது.

மேய்ச்சலும் மாறும். வட அட்லாண்டிக் கரையின் பெரிவிங்கிள் நத்தையில், நலமானவை புழுவுள்ளவற்றைவிட 40% அதிகப் பாசியைத் தின்றன என்று ஆய்வகச் சோதனை காட்டியது. நத்தைகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும்போதே பாசி கூடிவிடும். நத்தையை எண்ணி மட்டும் மேய்ச்சலைக் கணக்கிடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

8. புழு மீனோட மூளையைக் கட்டுப்படுத்துதாமே? உண்மையா, கதையா?

உண்மை, ஆனால் சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். கலிபோர்னியக் கொம்பு நத்தையிலிருந்து வெளியேறும் ஒரு புழு, கில்லிமீன் என்ற சிறுமீனின் மூளைமேல் உறையிடுகிறது. அத்தகைய மீன் உடலைத் திருப்பி வெள்ளை வயிற்றைப் பளிச்சிடும், துடிக்கும், நீர்ப்பரப்புக்கு வரும். நலமான மீனைவிட நான்கு மடங்கு அடிக்கடி இப்படிச் செய்கிறது. திறந்த தொட்டிகளில் மீன்களை விட்டுப் பறவைகளை அனுமதித்த சோதனையில், புழுவுள்ள மீன்கள் 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பிடிபட்டன. கெவின் லாஃபர்ட்டியும் கிமோ மோரிஸும் 1996-ல் வெளியிட்டது இது.

'கட்டுப்படுத்துகிறது' என்பதைவிட, மீனின் நடத்தை புழுவுக்குச் சாதகமான பக்கம் சாய்கிறது என்பது பொருத்தம். பறவைக்கு முதிர்புழுவால் பெரிய கேடில்லை, எளிதில் பிடிபடும் இரை கிடைக்கிறது. புழுவே இல்லாவிட்டால் அந்தப் பறவைகளின் பசி எப்படி அடங்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

9. ஒரே நத்தைக்குள்ள ரெண்டு வகைப் புழு போனா?

சண்டைதான். நத்தைக்குள் பெருகும் நிலையில் சில வகைப் புழுக்கள் வாயும் குடலும் உள்ள ரீடியாக்களாக இருக்கும், மற்றவை வாயில்லாத பைகளான ஸ்போரோசிஸ்டுகளாக இருக்கும். ரீடியாக்கள் ஸ்போரோசிஸ்டுகளைத் தின்றுவிடும். யார் யாரை வெல்வார் என்பதற்குத் தெளிவான படிநிலை உண்டு. ஒரு வகையில், இனப்பெருக்கம் செய்யாத சிறு 'படைவீரர்' ரீடியாக்களே தனியாக உண்டு, எதிரிப் புழுவைக் கடிப்பது அவற்றின் வேலை. இது 2011-ல் வெளியானது.

அப்படியும் ஒரே கொம்பு நத்தை இனத்தில் ஏறக்குறைய 20 வகைப் புழுக்கள் எப்படி நிலைக்கின்றன? ஒவ்வொரு நத்தையையும் 5-ஆம் பதிலின் வெற்றிடம்போல நினைத்துக்கொள்ளுங்கள். வலிய புழு எல்லா நத்தையையும் எட்டுவதில்லை. நத்தைகள் பிறந்து, வளர்ந்து, சாவதால் புதிய காலியிடம் வந்துகொண்டே இருக்கிறது.

10. புழு தரையோட உருவத்தையே மாத்தும்னு சொல்றாங்களே, எப்படி?

டென்மார்க்கின் வாடன் கடல் சேற்றுப்பரப்பில் கொரோஃபியம் என்ற சிறு கூனிவகை லட்சக்கணக்கில் குழாய்வளை கட்டி வாழும். அந்த வளைகள்தான் சேற்றைப் பிடித்துவைத்திருந்தன. 1990-ல் இளவேனில் வழக்கத்துக்கு மாறாகச் சூடானது. சூட்டில் சேற்றுநத்தைகளிலிருந்து செர்க்கேரியா மளமளவென்று வெளியேறும். கொரோஃபியம் கூட்டமாக மடிந்தது. பிடிப்பு போனதும் சேறு அரித்து, மேடுபள்ளமாக இருந்த பரப்பின் அமைப்பே மாறியது. ஒரு புழு, ஒரு வெப்பப் பருவம், ஒரு கூனி: மூன்றும் சேர்ந்து புயலின் வேலையைச் செய்தன.

நியூசிலாந்தின் கோக்கிள் சிப்பியில் மென்மையான இன்னொரு மாற்றம். புழு சிப்பியின் காலில் உறையிடுவதால் அதனால் புதைய முடியாமல் சேற்றின்மேல் கிடக்கிறது. சிப்பிபிடிப்பான் பறவைக்கு வசதி. கூடவே, மென்சேற்றில் கிடக்கும் அந்த ஓடே சிறு லிம்பெட்டுக்கும் கடல் அனிமோனுக்கும் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தளமாகிறது.

11. புயலுக்கு அப்புறம் ஒட்டுண்ணி கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். அந்த ஒட்டுண்ணிக்கு எத்தனை ஓம்புயிர்கள், அதாவது அது குடியிருக்கும் உயிர்கள், தேவை என்பதை முதலில் பாருங்கள். 6-ஆம் பதிலில் சொன்ன புழுவுக்கு மூன்று தேவை, எந்த ஒன்று போனாலும் சுற்று அறுந்துவிடும். 2002-ல் இசிடோர் புயல் மெக்சிகோவின் யுகடான் கரையைத் தாக்கியபின், அங்குள்ள காயல் ஒன்றின் நத்தைகளில் டிரெமட்டோடுகள் மறைந்தன. நத்தை, மீன், பறவை மூன்றும் திரும்பிக் கூடியபிறகே, சில ஆண்டுகளில், புழுக்கள் மீண்டன.

ஒரே ஓம்புயிரோடு நீரில் பரவும் நுண்ணுயிர் வேறு மாதிரி. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையில் பச்சைக் கடல் முள்ளெலிகளைக் கொல்லும் பாரமீபா என்ற அமீபா, நீர் சூடாக இருக்கும் காலத்தில் வலுத்த புயல்களை ஒட்டியே வெடிக்கிறது. முள்ளெலி சாக, அது மொட்டையடித்து வைத்திருந்த பாறையில் கெல்ப் எனப்படும் பெரும் பழுப்புப் பாசிகளின் காடு திரும்புகிறது. இங்கே புயல் நோயைக் கொண்டுவருகிறது, நோய் காட்டைக் கொண்டுவருகிறது.

12. குலைவும் நோயும் அடுத்தடுத்து வந்தா சமூகம் தாங்குமா?

ஜமைக்காவின் பவளத்திட்டுகள் தாங்கவில்லை. 1980-ல் ஆலன் சூறாவளி கிளைப்பவளங்களை நொறுக்கியது. மீன்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்ததால், பாசியை மேயும் பொறுப்பு முழுவதும் நீள்முள் கடல் முள்ளெலியின் தலையில் இருந்தது. அது இருந்தவரை இளம் பவளங்கள் துளிர்க்கத் தொடங்கின. 1983-ல் பனாமாவில் தொடங்கிய கொள்ளைநோய் கரீபியன் முழுக்கப் பரவி முள்ளெலிகளைத் துடைத்தெடுத்தது. 1970-களின் இறுதியில் 50%-க்கு மேல் இருந்த பவளப் பரப்பு 1990-களில் 5%-க்கும் கீழே போனது, பாசி 4%-லிருந்து 92% ஆனது.

சூறாவளியைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது, நோயையும் தனியாகச் சொல்ல முடியாது. ஒரே வேலையைச் செய்ய மாற்று ஆள் இல்லாமல் போனதுதான் நிஜமான பலவீனம்.

13. அலையாத்திக் காட்டுலயும் இப்படி நடக்குதா?

நடக்கிறது. பனாமாவின் கரீபியன் கரையில் மின்னல் விழுந்து மரங்கள் கூட்டமாகச் செத்து வெளிச்சத் திட்டுகள் உருவாகின்றன. சிவப்புக் கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் முளைக்காய் நிழலிலும் விழுகிறது, திட்டிலும் விழுகிறது. நிழலில் விழுந்ததை ஒரு துளைப்பான் வண்டு தேடிவந்து, தண்டுக்குள் குடைந்து கொல்கிறது. வெளிச்சத் திட்டில் அந்தத் தாக்குதல் வெகுவாகக் குறைவு. ஆக, அங்கே கண்டல் கன்றுக்கு வெளிச்சம் மட்டுமல்ல, வண்டிடமிருந்து விடுதலையும் திட்டில்தான் கிடைக்கிறது. வண்டை ஒட்டுண்ணி என்பதா தின்னி என்பதா என்ற விவாதம் உண்டு. கன்றின் தலைவிதியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

14. புழு நிறைய இருந்தா அந்தக் கழிமுகம் நோயாளின்னுதானே அர்த்தம்?

டிரெமட்டோடு விஷயத்தில் பெரும்பாலும் நேர்மாறு. 11-ஆம் பதிலின் தர்க்கம்தான்: நத்தையில் பலவகைப் புழு இருக்கிறது என்றால் பலவகைப் பறவையும் மீனும் அங்கே வந்துபோகின்றன என்று பொருள். கலிபோர்னியாவின் கார்ப்பின்டீரியா உவர்ச்சதுப்பில், சீரமைத்த பகுதிகளின் நத்தைகளில் முதலில் புழு குறைவாக இருந்து, ஆறு ஆண்டுகளில் சேதமடையாத பகுதிகளுக்கு இணையாக உயர்ந்தது. பறவை திரும்பியதற்கு நத்தையே சாட்சி சொன்னது.

எல்லா ஒட்டுண்ணிக்கும் இதைப் பொருத்தாதீர்கள். மீன் செவுளில் ஒட்டும் டிரைக்கோடைனா போன்ற ஒற்றை ஓம்புயிர் ஒட்டுண்ணிகள் கழிவு கலந்த நீரில் பெருகக்கூடியவை. எந்த வகை என்று சொல்லாமல் 'ஒட்டுண்ணி கூடியது' என்று எழுதும் அறிக்கையால் பயனில்லை.

15. நாங்களே நத்தைல புழு பாக்கணும்னா எப்படி? எங்க தப்பு வரும்?

பாதுகாக்கப்பட்ட பகுதியானால் முதலில் அனுமதி. பிறகு ஓரிடத்துக்கு 100 நத்தை, கோடு போட்டுச் சம இடைவெளியில் எடுங்கள். ஒவ்வொன்றையும் தனிக் குழியில் அதே இடத்துக் கடல்நீரோடு, மிதமான சூடுள்ள விளக்கின்கீழ் ஒருநாள் வையுங்கள். செர்க்கேரியா வெளிவந்தால் தொற்று உறுதி. வராவிட்டால் தொற்று இல்லை என்று பொருளல்ல, முதிராத தொற்று எதையும் வெளிவிடாது. அதனால் ஓட்டைப் பிடிக்கருவியில் மெல்ல இறுக்கி உடைத்து, மேற்சுருளில் இருக்கும் திசுவை 10 முதல் 40 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நலமான திசு ஒரே சீராக இருக்கும். தொற்றுள்ளதில் வெளிறிய சிறு பைகள் நெளியும். வாயும் குடலும் தெரிந்தால் ரீடியா, இல்லையென்றால் ஸ்போரோசிஸ்ட்.

வழக்கமான தவறுகள்: நன்னீர் ஊற்றுவது, புழு வெடித்துவிடும். சுத்தியலால் அடிப்பது, திசு கூழாகும். ஓரிடத்தில் பெரிய நத்தைகளையும் இன்னோரிடத்தில் சிறியவற்றையும் எடுத்து ஒப்பிடுவது. பெரிய நத்தைக்கு வயது அதிகம், தொற்றும் அதிகம். ஆகவே 2 அல்லது 3 மி.மீ. வித்தியாசத்துக்குள் உள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். பறவை அமரும் கம்பத்தடியில் மட்டும் பொறுக்கினாலும் எண்ணிக்கை வீங்கும். கையுறை கட்டாயம், பறவைகளின் சில புழுக்களுடைய செர்க்கேரியா மனிதத் தோலுக்குள் புகுந்து அரிப்பை உண்டாக்கும்.

16. பாறையில வெற்றிடச் சோதனை செய்யணும்னா?

10, 25, 50 செ.மீ. பக்கமுள்ள சதுரங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து. மட்டியைச் சுரண்டியதோடு நிற்காமல் அதன் ஒட்டுநூலையும் நீக்குங்கள், விட்டால் இளம் மட்டி அதிலேயே வந்து ஒட்டும். மூலையில் திருகாணி பதித்து, ஒரே சட்டகத்தை வைத்து 1, 2, 3, 6, 12-ஆம் மாதங்களில் படமெடுத்து 100 புள்ளிகளில் எண்ணுங்கள். லிம்பெட்டைப் படத்தில் எண்ண முடியாது, நீர் வற்றும்போது கையால் எண்ண வேண்டும்.

லிம்பெட்டைத் தடுக்கச் செம்புச்சாயம் கலந்த பெயின்டால் சுற்றிலும் கோடு போடுவார்கள். பெயின்டே பாசியைப் பாதித்தால்? அதைப் பிரித்தறிய, இடைவெளி விட்டுப் போட்ட அரைக்கோடு கொண்ட சதுரங்களும் வேண்டும். அரைக்கோட்டுச் சதுரம் கோடே இல்லாததைப்போல் நடந்தால் பெயின்ட் குற்றமற்றது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திறக்காதீர்கள், காரணம் 5-ஆம் பதிலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

17. நூறு நத்தை பார்த்தோம், ஒண்ணுலயும் புழு இல்ல. 'இல்லை'ன்னே எழுதலாமா?

'100-ல் 0' என்று எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காதபோது 3-ஐ நத்தை எண்ணிக்கையால் வகுத்தால், 95% நம்பகத்தோடு சொல்லக்கூடிய மேல்வரம்பு கிடைக்கும். 100 நத்தைக்கு அது 3%. 30 நத்தை மட்டும் பார்த்திருந்தால் 10%, அதை வைத்து 'இல்லை' என்பது துணிச்சல்.

பிறகு அந்த நத்தை அந்தக் கரையின் சொந்த இனமா என்று பாருங்கள். ஜப்பானியச் சிப்பியோடு வட அமெரிக்காவுக்கு வந்த பட்டிலேரியா நத்தையில், ஜப்பானில் பல வகைப் புழுக்கள் இருக்க, வந்த இடத்தில் ஒரே ஒரு வகைதான் காணப்பட்டது. கலிபோர்னியாவின் சில கழிமுகங்களில் அது கொம்பு நத்தையை நெருக்கி வெளியேற்றுகிறது. கொம்பு நத்தை போனால், அதை மட்டுமே நம்பியிருக்கும் புழுக்களும் அந்தக் கழிமுகத்திலிருந்து கூடவே போகும். 8-ஆம் பதிலின் மீன் அப்போது வெள்ளை வயிற்றைக் காட்டாது.